பெயர் சூட்டும் முன்: ஊர்க் களஞ்சியத்தில் சொல் தேர்வு

மாணவர்களைக் கொண்டு ஊர் வரலாறு தொகுக்கும் பணி இன்று பல பள்ளிகளில் நடக்கிறது. கோயில், ஏரி, கல்வெட்டு, தொழில், மக்கள், திருவிழா என்று தலைப்புகளைப் பிரித்துக் கொடுத்தால், ஒரு பருவத்துக்குள் வகுப்பறையிலேயே ஒரு சிறு களஞ்சியம் உருவாகிவிடும். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள படவேடு போன்ற ஊரில் இதற்குச் செய்தி குறைவே இல்லை. சம்புவராயர்களின் தலைநகரம், ரேணுகாம்பாள் கோயில், கமண்டல நாகநதி, செண்பகத்தோப்பு அணை, மேலே மலைக்கிராமங்கள் என்று எடுக்க எடுக்க வரும்.

செய்தி சேர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. 'ஜவ்வாது மலை' என்ற தலைப்பில் எழுத உட்காரும் ஒன்பதாம் வகுப்பு மாணவர், கைப்பேசியில் தேடி, செய்தித்தாள் நறுக்குகளைப் பார்த்து, 'செம்மரக் கடத்தல்காரர்கள் அதிகம் உள்ள பகுதி' என்று ஒரு வரி எழுதிவிடலாம். வேண்டுமென்று எழுதியதாக இருக்காது. எங்கோ படித்ததைச் சுருக்கி எழுதியிருப்பார். ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மலையைப் பற்றி, அவருடைய பள்ளி வெளியிடும் தொகுப்பில், அந்த வரி அச்சாகப் போகிறது.

அந்த வரியை வெறுமனே அடித்துவிடலாமா? அல்லது மாற்றி எழுத வேண்டுமா? எதன் அடிப்படையில் மாற்றுவது? கருத்து வேறுபாடு உள்ள அடைமொழிகளைக் களஞ்சியம், அகராதி, பாடநூல் போன்ற பார்வை நூல்களில் எப்படிக் கையாள வேண்டும் என்பதை, நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பார்வை நூலின் குரல்

தலையங்கத்தில் ஒருவரைத் 'துரோகி' என்று எழுதினால், அது எழுதியவரின் கருத்து என்று வாசகர் எடுத்துக்கொள்வார். மேடைப் பேச்சிலும் அப்படியே. பார்வை நூலின் நிலை வேறு. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தையோ, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனையோ திறப்பவர், 'இது யாருடைய கருத்து?' என்று கேட்பதில்லை. 'இதுதான் உண்மை' என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். பாடநூலுக்கும் பள்ளித் தொகுப்புக்கும் இது பொருந்தும். மாணவருக்கு அச்சில் வந்ததெல்லாம் விடைத்தாளில் எழுத வேண்டியதுதான்.

ஆகவே பார்வை நூலில் வரும் ஓர் அடைமொழிக்கு மற்ற எழுத்தில் இருப்பதைவிடக் கூடுதல் எடை உண்டு. இங்கே இரண்டு வகைச் சொற்களைப் பிரித்து அறிய வேண்டும். 'கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் ஆயுதம் எடுத்தனர்' என்பது நடந்ததைச் சொல்கிறது. 'கலகம் செய்தனர்' என்பது நடந்ததோடு ஒரு தீர்ப்பையும் சேர்த்துச் சொல்கிறது. முதல் வகையைச் சான்று கொண்டு சரிபார்க்கலாம். இரண்டாவது வகையில், தீர்ப்பு வழங்கியவர் யார் என்ற கேள்வி எப்போதும் மிச்சமிருக்கும்.

படவேட்டிலிருந்தே தொடங்கலாம்

யாருக்கும் மனம் நோகாத ஓர் எடுத்துக்காட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். சம்புவராயர்களைச் 'சிற்றரசர்' என்று எழுதுவது வழக்கம். இது சரியா?

சோழர் ஆட்சியில், பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில், அவர்கள் சோழருக்குக் கீழ்ப்பட்ட தலைவர்களாக இருந்தனர். அக்காலத்துக்குச் 'சிற்றரசர்' என்ற சொல் பொருந்தும். சோழ அரசு மறைந்த பிறகு, பதினான்காம் நூற்றாண்டில் அவர்கள் தனியாட்சி நடத்தினர். வென்றுமண்கொண்டான், இராசநாராயணன் ஆகிய சம்புவராயர்கள் தங்கள் பெயரிலேயே ஆட்சியாண்டு குறித்துக் கல்வெட்டு வெட்டினர். அக்காலத்துக்கும் 'சிற்றரசர்' என்றே எழுதினால் அது பிழை. பிறகு விஜயநகர இளவரசர் குமார கம்பணர் படையெடுத்து வந்து சம்புவராயரை வென்றார். இப்பகுதி விஜயநகர ஆட்சியில் 'படைவீட்டு ராஜ்யம்' என்ற நிருவாகப் பிரிவாயிற்று.

கம்பணரின் வருகையை 'வெற்றி' என்று எழுதினால் வென்றவர் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். 'ஆக்கிரமிப்பு' என்று எழுதினால் தோற்றவர் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். 'படையெடுத்து வென்றார், அதன் பின் இப்பகுதி விஜயநகர ஆட்சிக்குள் வந்தது' என்று எழுதினால் இரு தரப்பினரும் மறுக்க முடியாத செய்தி மட்டும் நிற்கிறது.

இதிலிருந்து முதல் பாடம் கிடைக்கிறது. அடைமொழிக்கும் காலம் உண்டு. ஒரு காலத்தில் பொருந்திய பெயரை எல்லாக் காலத்துக்கும் நீட்டிவிடக் கூடாது.

கலகமா, கிளர்ச்சியா, புரட்சியா?

படவேட்டிலிருந்து வேலூர் அதிகத் தொலைவில் இல்லை. கோட்டைக்குச் சுற்றுலா சென்று வந்த மாணவர்கள் நம் வகுப்புகளில் இருப்பார்கள். 1806-இல் அங்கு நடந்ததற்கு எத்தனை பெயர்கள்! கலகம், கிளர்ச்சி, எழுச்சி, புரட்சி.

நடந்தது என்ன? புதிய உடை விதிகளின்படி சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, தோலால் ஆன அடையாளம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் கோட்டையைக் கைப்பற்றினர். திப்பு சுல்தானின் மகன்கள் அக்கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தனர். மைசூர் அரசின் கொடி ஏற்றப்பட்டது. ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி தலைமையில் வந்த குதிரைப்படை அன்றே கோட்டையை மீட்டது. இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங் பின்னர் திரும்ப அழைக்கப்பட்டார்.

கம்பெனியின் ஆவணங்கள் இதைப் படைக் கட்டுப்பாட்டை மீறிய செயல் என்று கண்டன. 'கலகம்' என்னும் தமிழ்ச் சொல் அந்தப் பார்வையிலிருந்து வந்தது. 'புரட்சி' என்ற சொல் அயல் ஆட்சிக்கு எதிரான அரசியல் எழுச்சி என்ற பார்வையிலிருந்து வந்தது. இரண்டுமே ஒவ்வொரு விளக்கம். இரண்டுக்கும் சான்று காட்ட முடியும். உடை விதி உடனடிக் காரணம் என்பது முதல் விளக்கத்துக்கு உதவும். மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது இரண்டாவதற்கு உதவும்.

இதே சிக்கல் 1857-க்கும் உண்டு. அந்நிகழ்வின் நூற்றாண்டையொட்டி இந்திய அரசின் சார்பில் வரலாறு எழுதிய சுரேந்திரநாத் சென், தம் நூலுக்கு 'ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு' என்று ஆண்டையே தலைப்பாக வைத்தார். அதே 1957-இல் வெளிவந்த ஆர். சி. மஜும்தாரின் நூல் 'சிப்பாய் கலகம்' என்ற சொல்லையும் '1857 கிளர்ச்சி' என்ற சொல்லையும் ஒரே தலைப்பில் வைத்தது. சாவர்க்கரோ 1909-இலேயே 'விடுதலைப் போர்' என்று தலைப்பிட்டிருந்தார். தலைப்பைப் பார்த்தே ஆசிரியரின் நிலைப்பாட்டை ஓரளவு ஊகித்துவிடலாம்.

நம் ஊர்க் களஞ்சியத்தில் என்ன செய்வது? தலைப்புக்கு ஏதாவது ஒரு பெயர் வேண்டும். எதுவும் வேண்டாம் என்று 'வேலூர் நிகழ்வு' என எழுதினால் தேடுபவருக்குக் கிடைக்காது. நூற்றுக்கணக்கான உயிர்கள் போன செய்தியும் அச்சொல்லில் மறைந்துவிடும். பரவலாக வழங்கும் ஒரு பெயரைத் தலைப்பாக வைத்துவிட்டு, முதல் பத்தியில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும். அடுத்த பத்தியில் 'கம்பெனி ஆவணங்கள் இதைக் கலகம் என்று குறித்தன. பிற்கால வரலாற்றாசிரியர் பலர் விடுதலைப் போராட்டத்தின் முன்னோடி என்று கருதுகின்றனர்' என்று பெயர்களின் பின்னணியைச் சொல்லலாம். மாணவருக்குப் பெயரும் கிடைக்கும், பெயருக்குப் பின்னால் இருக்கும் விவாதமும் கிடைக்கும்.

முத்திரையே சட்டமான கதை

ஓர் அடைமொழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்திய வரலாற்றில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை விடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய அச்சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தில் பிறந்ததாலேயே ஒருவர் காவல் நிலையத்தில் கைரேகை வைத்துப் பதிய வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். ஊர்விட்டு ஊர் போக அனுமதி பெற வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பகுதியில் உள்ள பெருங்காமநல்லூரில் மக்கள் இந்தப் பதிவை எதிர்த்தபோது காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர்.

அக்காலப் பார்வை நூல்களும் அதே சொல்லைச் சாதாரணமாகப் பயன்படுத்தின. சட்டம் சொன்னதை நூல் எழுதியது. நூல் எழுதியதை அதிகாரி மேற்கோள் காட்டினார். ஒன்றையொன்று தாங்கி நின்றதால் அச்சொல் இயற்கையான உண்மை போலத் தோற்றம் கொண்டது. சென்னை மாகாணம் 1947-இல் அச்சட்டத்தை நீக்கியது. 1952 ஆகஸ்ட் 31-இல் நாடு முழுவதும் அது விலக்கப்பட்டது. அதன் பிறகுதான் 'சீர்மரபினர்' என்ற பெயர் வழக்குக்கு வந்தது. அந்தப் பெயரிலும் விவாதம் ஓயவில்லை. தமிழ்நாட்டில் 1979-இல் 'பழங்குடிகள்' என்பதற்குப் பதில் 'சமூகங்கள்' என்ற சொல் அரசாணையில் வந்தது. மத்திய அரசின் நலத்திட்டங்களைப் பெற இது தடையாகிறது என்று அச்சமூகங்கள் நெடுநாள் கேட்டபின், 2019-இல் பழைய சொல் அதற்கான அளவில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

இச்செய்தியை எழுதும்போது மாணவர்கள் தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு. 'குற்றப் பரம்பரையினரான இன்னார்' என்று எழுதுவதும், 'குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பதியப்பட்ட இன்னார்' என்று எழுதுவதும் ஒன்றல்ல. முதல் தொடர் அன்றைய அரசின் தீர்ப்பை நாமே மீண்டும் வழங்குவது. இரண்டாவது தொடர், அரசு செய்ததை அரசின் மேல் வைத்துச் சொல்வது. வரலாற்றை மறைக்கவும் இல்லை, முத்திரையை மீண்டும் குத்தவும் இல்லை.

மலையாளி, மலைவாழ் மக்கள், பழங்குடி

ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளி என்ற சமூகத்தினர். பேசுவது தமிழ். பெயரைக் கேட்டதும் கேரளத்தவர் என்று வெளியூரார் நினைப்பது உண்டு. பார்வை நூலில் முதல் வரியிலேயே 'கேரளத்தின் மலையாளிகளிலிருந்து வேறான, தமிழ் பேசும் மலைச் சமூகத்தினர்' என்று தெளிவுபடுத்திவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அவர்களைக் குறிக்க வெளியார் வழங்கும் சொற்கள் பல: மலைவாசி, காட்டுவாசி, மலைஜாதி, ஆதிவாசி, பழங்குடி, மலைவாழ் மக்கள். இவற்றில் சில இழிவாகக் கருதப்படுபவை. சில பொதுச் சொற்கள். 'பட்டியல் பழங்குடியினர்' என்பது சட்டச் சொல். அதற்கு எல்லை உண்டு. அரசமைப்பின்கீழ் வெளியான தமிழ்நாட்டுப் பட்டியலில் மலையாளி என்ற பெயர், பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்கள் என்ற வரையறையோடு இடம்பெற்றுள்ளது. ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் அதே பெயருடைய மக்கள், இந்த வரையறையால் அப்பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள்; தங்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். எனவே 'தமிழ்நாட்டு மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர்' என்று பொதுவாக எழுதினால் பிழை. 'பழங்குடியினர் அல்லர்' என்று எழுதினாலும் பிழை. மாவட்டத்தோடு சேர்த்து எழுதினால்தான் சரி. ஒரு சொல்லில் ஒரு பிள்ளையின் சாதிச் சான்றிதழும் உதவித்தொகையும் அடங்கியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

பட்டியலும் நிலையானது அல்ல. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினரைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. அதற்கு முந்தைய நூலைப் பார்த்து எழுதும் மாணவர் பழைய நிலையையே எழுதிவிடுவார்.

தோற்றக் கதைகளிலும் கவனம் தேவை. மலையாளிகளின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று ஒரு வாய்மொழி மரபு உண்டு. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலும் இம்மரபைப் பதிவு செய்தது. 'காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள்' என்று முடிந்த உண்மையாக எழுதுவதற்கும், 'மூதூதையர் என்று இல்லாத கட்டுக்கதை' என்று தள்ளுவதற்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது: 'காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள்.' சொல்பவர் யார் என்பது வாக்கியத்திலேயே இருக்கிறது.

மக்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பதுதான் முதல் படி. அதற்கு நூலகம் போக வேண்டியதில்லை. விடுதியில் இருக்கும் பிள்ளையின் தாத்தா, பாட்டியிடம் கேட்டாலே போதும்.

செம்மரம்: இன்னும் ஆறாத செய்தி

இனி, தொடக்கத்தில் சொன்ன வரிக்கு வருவோம். செம்மரம் ஆந்திரத்தின் தெற்குப் பகுதியில் கிழக்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளது. அதை வெட்டுவதும் கடத்துவதும் குற்றம். ஜவ்வாது மலையிலிருந்தும் அடிவார ஊர்களிலிருந்தும் ஆண்கள் அங்கே கூலிக்கு மரம் வெட்ட அழைத்துச் செல்லப்படுவது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். படவேட்டை ஒட்டிய சிற்றூர்க்காரர்களும் அவர்களில் உண்டு. எனவே நம் ஊர்க் களஞ்சியம் இதை விட்டுவிட்டுப் போக முடியாது. எழுதினால் எப்படி எழுதுவது? மூன்று வடிவங்களை ஒப்பிடுவோம்.

முதல் வடிவம்: 'செம்மரக் கடத்தல்காரர்கள் 20 பேர் காவல்துறையினருடன் நடந்த மோதலில் பலியாயினர்.'

இரண்டாம் வடிவம்: 'அப்பாவித் தமிழர்கள் 20 பேரை ஆந்திரக் காவல்துறை படுகொலை செய்தது.'

மூன்றாம் வடிவம்: '2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தனர். மரம் வெட்ட வந்த கூட்டத்தினர் கற்களாலும் கோடரிகளாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாகச் சிறப்புப் படை கூறியது. இறந்தவர்களில் சிலர் முன்னதாகவே பேருந்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டனர் என்று உறவினர்களும் மனித உரிமை அமைப்புகளும் குற்றம் சாட்டினர். தேசிய மனித உரிமை ஆணையம் இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.'

முதல் வடிவத்தில் 'கடத்தல்காரர்', 'மோதல்' என்ற இரண்டு சொற்களும் சிறப்புப் படையின் கூற்றை நம் கூற்றாக ஆக்கிவிடுகின்றன. அத்துடன், 'கடத்தல்காரர்' என்ற ஒரே சொல்லில் கூலிக்குக் கோடரி பிடித்தவர், ஆள் சேர்க்கும் தரகர், வெளிநாட்டுக்கு அனுப்பிப் பணம் பார்ப்பவர் என மூவரும் ஒன்றாகிவிடுகின்றனர். இரண்டாம் வடிவத்தில் 'அப்பாவி', 'படுகொலை' என்ற சொற்கள் உறவினர் தரப்பின் கூற்றை நம் தீர்ப்பாக ஆக்குகின்றன.

'அப்படியானால் மரம் வெட்டும் தொழிலாளர்கள் என்று எழுதலாமே' என்று தோன்றும். பல செய்திகளில் அப்படித்தான் வந்தது. ஆனால் இறந்த 20 பேரும் அன்று மரம் வெட்டப் போனவர்களா என்பதிலேயே இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆகவே மூன்றாம் வடிவம் அவர்களைத் 'தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர்' என்றது. அதை யாரும் மறுப்பதில்லை. எந்தச் சொல் விவாதத்துக்கு உரியதோ, அந்தச் சொல்லைச் சொன்னவரின் வாயிலேயே வைத்துவிட வேண்டும்.

தனி நிகழ்வுக்கு இது விடை. மலையைப் பற்றிய கட்டுரைக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது: அளவு. பத்து வரிக் கட்டுரையில் நான்கு வரி செம்மரத்துக்குப் போனால், ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தாலும் மொத்தம் சாய்ந்துவிடும். ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியுடன் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. ஜமுனாமரத்தூர் சந்தை, பீமன் அருவி, தேன், மலைக் கோயில்கள் எல்லாம் இருக்கின்றன. 'கடத்தல்காரர்கள் அதிகம் உள்ள பகுதி' என்ற வரியை எடுத்துவிட்டு, 'வேலைவாய்ப்பு' என்ற தலைப்பின்கீழ் 'பருவமில்லாக் காலங்களில் ஆண்கள் வெளியூர்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்ட அழைத்துச் செல்லப்பட்டு வழக்குகளில் சிக்கியவர்களும் உண்டு' என்று எழுதலாம். உண்மை மறையவில்லை. ஒரு மலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவும் இல்லை.

தமிழில் சார்பு ஒளிந்திருக்கும் இடங்கள்

அடைமொழிகளை மட்டும் கவனித்தால் போதாது. தமிழில் விகுதியும் இடைச்சொல்லும் கூடச் சாயும். மொழிப்பாட ஆசிரியர்கள் இதைத் தனி வகுப்பாகவே நடத்தலாம்.

விகுதி: ஒருவரைச் 'சென்றார்' என்றும் மற்றவரைச் 'சென்றான்' என்றும் எழுதினால், யாருக்கு மதிப்பு என்பது தெரிந்துவிடும். கைதானவர்களை மட்டும் ஒருமையில் எழுதும் பழக்கம் இன்னும் செய்திகளில் உண்டு. பார்வை நூலில் எல்லோருக்கும் ஒரே விகுதி வேண்டும்.

'ஆம்' என்னும் இடைச்சொல்: 'அவர்கள் பேருந்தில் வந்தார்களாம்' என்றால் நம்பவில்லை என்ற தொனி வந்துவிடும். 'வந்தார்கள் என்று உறவினர் கூறினர்' என்றால் அந்தத் தொனி இல்லை.

கூற்று வினைகள்: ஒரு தரப்பு 'விளக்கியது', மறு தரப்பு 'மழுப்பியது' என்றால் தீர்ப்பு சொல்லியாயிற்று. 'ஒப்புக்கொண்டார்' என்பது குற்றத்தை முன்னமே ஏற்றிச் சொல்கிறது. 'கூறினார்', 'தெரிவித்தார்' இரண்டும் பெரும்பாலும் போதும்.

மேற்கோள் குறி: 'தியாகி' என்ற சொல்லை மட்டும் குறிகளுக்குள் வைத்தால் கேலி போலப் படும். பெயர் சொன்னவரைச் சொல்லிவிட்டால் அந்தக் குறி தேவையில்லை.

செயப்பாட்டு வினை: 'சுட்டுக் கொல்லப்பட்டனர்' என்பதில் சுட்டவர் இல்லை. தெரியாதபோது இப்படி எழுதலாம். தெரிந்திருந்தும் இப்படி எழுதினால் செய்தவரை மறைக்கிறோம்.

சாவுக்கான சொற்கள்: மாண்டனர், இறந்தனர், பலியாயினர், கொல்லப்பட்டனர், வீரமரணம் எய்தினர். ஒரே கட்டுரையில் ஒரு தரப்பார் 'வீரமரணம் எய்த', மறு தரப்பார் 'செத்தொழிந்தால்' அது வரலாறு ஆகாது.

நடுநிலை என்பது மழுப்பல் அல்ல

இவ்வளவையும் கேட்டபின் ஒரு நியாயமான ஐயம் எழும்: எதையும் உறுதியாகச் சொல்லவே கூடாதா? அப்படி இல்லை. நிறுவப்பட்ட உண்மையைத் தணித்துச் சொல்வதும் சார்புதான்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விவசாயக் கூலி உழைப்பாளர்களான தலித் குடும்பத்தினர். இதை 'கூலித் தகராறில் ஏற்பட்ட மோதல்' என்று எழுதினால் சொற்கள் அமைதியாக இருக்கும், செய்தி பொய்யாகிவிடும். மோதல் என்றால் இரு பக்கமும் அடித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் இருந்தவர்கள் எரிக்கப்பட்டார்கள். அதுபோல, தீண்டாமையை 'அக்கால வழக்கம்' என்று மட்டும் எழுதுவது நடுநிலை ஆகாது. அரசமைப்பின் 17-ஆம் பிரிவு அதை ஒழித்திருக்கிறது. அது குற்றம் என்று சட்டம் சொல்கிறது.

ஜாலியன்வாலா பாக்கில் இறந்தோர் எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு உண்டு. அரசு நியமித்த ஹண்டர் குழு 379 என்றது. காங்கிரஸ் குழு ஏறத்தாழ 1,000 என்றது. இரண்டு எண்களையும் சொன்னவர் பெயரோடு தருவோம். ஆனால் ஆயுதமில்லாத கூட்டத்தின்மீது சுட்டார்கள் என்பதில் வேறுபாடு இல்லை. ஆகவே அதை எவர் பெயரிலும் ஏற்றாமல் நேராக எழுதுவோம். எது விவாதம், எது விவாதம் இல்லை என்று பிரிப்பதே இங்கு வேலை.

சில சமயம் சொல்லையே மாற்ற வேண்டிய தேவையும் வரும். ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமைக்கான குறியீடாகவும் மாறிவிட்டதால் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். 2021-இல் இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம்கள் 'மறுவாழ்வு முகாம்கள்' என்று பெயர் மாறின. இத்தகைய இடங்களில் களஞ்சியம் இன்றைய பெயரைத் தலைப்பாக வைத்து, முன்னைய பெயரை ஆண்டோடு குறிப்பிட வேண்டும். பழைய ஆவணத்தைத் தேடுபவருக்குப் பழைய பெயரும் தேவைப்படும்.

வகுப்பறையில்

ஓர் அடைமொழியை எழுதும் முன் மாணவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள ஐந்து கேள்விகளைச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

1. இந்தப் பெயரை வைத்தவர் யார்? குறிக்கப்படுவோர் தங்களை அப்படி அழைத்துக்கொள்கிறார்களா?

2. இது நடந்ததைச் சொல்கிறதா, தீர்ப்புச் சொல்கிறதா?

3. தீர்ப்பு என்றால், அது யாருடையது? நீதிமன்றமா, ஒரு தரப்பா, ஊர்ப் பேச்சா? அவரை வாக்கியத்தில் குறிப்பிட்டிருக்கிறோமா?

4. எந்தக் காலத்துக்கும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும்?

5. குறிக்கப்படுபவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது இதை உரக்க வாசிக்க முடியுமா? முடியாதென்றால், தடுப்பது உண்மையா, சொல்லா?

ஐந்தாவது கேள்விக்குச் சற்று விளக்கம் தேவை. உண்மை கசப்பானது என்பதற்காக அதை விட்டுவிடச் சொல்லவில்லை. உண்மையை வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்ற முடியுமானால் மாற்ற வேண்டும். மாற்றியபின் உண்மை குறைந்துவிட்டால் பழைய சொல்லே இருக்கட்டும்.

செயல்பாடாக, ஒரே நிகழ்வைப் பற்றிய இரண்டு நாளிதழ்ச் செய்திகளைக் குழுக்களுக்குக் கொடுக்கலாம். இரண்டிலும் பொதுவாக உள்ள செய்திகளை நீல மையிலும், ஒன்றில் மட்டும் உள்ள அடைமொழிகளைச் சிவப்பு மையிலும் அடிக்கோடிடச் சொல்ல வேண்டும். நீலத்தை மட்டும் கொண்டு முதல் பத்தியை எழுத வேண்டும். சிவப்பை, சொன்னவர் பெயரோடு இரண்டாம் பத்தியில் எழுத வேண்டும். வேலூர் 1806-ஐ முதல் பயிற்சியாக வைப்பது நல்லது. அதில் இன்று யாருக்கும் காயம் இல்லை. அண்மைக்கால நிகழ்வுகளை எடுக்கும்போது, அவற்றில் உறவினரை இழந்த பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்களா என்று ஆசிரியர் முன்னமே அறிந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால், எழுதலாமா, எப்படி எழுதலாம் என்பதை அவர்கள் வீட்டாரிடம் கேட்டபின் முடிவு செய்யலாம்.

பணி முடிந்ததும் தொகுப்பை அச்சிடும் முன், ஊரிலும் மலையிலும் சிலரை அழைத்து ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். கோயில் பூசாரி, மலைக்கிராமத்து ஊர்ப் பெரியவர், மகளிர் குழுத் தலைவி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று நான்கைந்து பேர் போதும். அவர்கள் சுட்டிக்காட்டும் இடங்களைச் சான்றோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். திருத்த முடியாத இடத்தில் ஏன் முடியவில்லை என்று மாணவர்களே அவர்களுக்கு விளக்கட்டும். தாங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு அங்கே தொடங்கும்.